பொறுத்தல் ஏற்றலாகுமா?

வணிகனுக்குரிய அறம் யாது என்னும் வினாவுக்குப் பழந்தமிழர் தந்த விடை பெரும்பாலும் அளவையைச் சார்ந்தது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்ற வந்த பட்டினப்பாலை, அவர்கள் வாங்கும்பொழுது மிகுதியாக வாங்குவதில்லை, விற்கும்பொழுது குறைத்து விற்பதில்லை என்பதையே அவர்தம் சிறப்பாக எடுத்துரைக்கின்றது. வள்ளுவர் வாணிகம் பற்றிக் கூறும் குறள் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியிலே நிற்கின்றது. துலாக்கோல் உவமையாக வருவதும் அவ்வதிகாரத்திலேயாம். நெல்லும் உப்பும் மிளகும் கைமாறிய உலகுக்கு இவ்வறம் போதியதாயிருந்தது. மரக்காலில் குறைவு இருப்பின் அக்குறைவு விற்கும் கணத்திலேயே இருந்தது. கண்ணுள்ளவன் கண்டுகொள்ளலாம், காணத் தவறியவன் வீட்டுக்குச் சென்று மறுபடி அளந்து பார்க்கலாம்.

இயந்திரத்தின் குறை அத்தகையதன்று. புதிதாக வாங்கிய உழவு இயந்திரமோ மோட்டார் வாகனமோ நிறையிற் குறைவதில்லை. ஆணிகள் எண்ணிக்கைப்படி இருக்கும், வர்ணம் மின்னும், விற்பனை நிலையத்தின் முற்றத்தில் முதல் முயற்சியிலேயே உயிர்பெற்று முழங்கும். குறையொன்று இருப்பின், அது நாளையிலோ மறுநாளிலோ இருக்கின்றது. அளவைக்கு அகப்படாது காலத்துக்குள் ஒளிந்திருக்கும் இக்குறைக்கு யார் பொறுப்பு என்பதே இக்கட்டுரைக்குப் பொருள். அதனோடு பிணைந்த இன்னொரு வினாவும் உண்டு. புதிய இயந்திரம் பழுதானதும் வாங்கியவர் என்ன செய்கின்றார்? விற்றவரிடம் கொண்டுபோகின்றார். திருத்திக் கொடுக்கின்றார்கள். மீண்டும் பழுதாகின்றது. மீண்டும் கொண்டுபோகின்றார். இவ்வாறு அவர் பொறுத்துக்கொண்ட ஒவ்வொரு தடவையும் அப்பொருளை அவர் ஏற்றுக்கொண்டதாகப் பொருள்படுமா? சட்டம் நெடுங்காலமாக 'ஆம்' என்றே கூறிவந்திருக்கின்றது. அவ்விடை அறத்தொடு பொருந்தாது என்பது எனது துணிபு.

இயந்திரத்துக்கு முன் உழவனுடைய பெருஞ்செலவு மாடாகவே இருந்தது. மாட்டிலும் மறைகுறை உண்டு. ஆயின் மாடு வாங்குபவனுக்கென ஒரு கல்வி இருந்தது. பல்லைப் பிடித்து வயதறிந்தான், சுழி பார்த்தான், நடக்கவிட்டுக் குளம்பைப் பார்த்தான், ஏரிற் பூட்டி ஒரு சால் ஓட்டிப் பார்த்தான். விற்பவனுக்குத் தெரிந்ததில் முக்காற் பங்கேனும் வாங்குபவனும் அறியக்கூடியதாயிருந்தது. அப்படியிருந்தும் உரோமர் அதனோடு அமைதி கொள்ளவில்லை என்பது நோக்கற்பாலது. உரோம நகரின் சந்தைகளை மேற்பார்வை செய்த ஈடில்கள் எனப்பட்ட அதிகாரிகள், அடிமைகளையும் பின்னர் பாரஞ்சுமக்கும் விலங்குகளையும் விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படக் கூறவேண்டும் எனக் கட்டளை பிறப்பித்தனர். கூறாத குறை பின்னர் வெளிப்படின் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். ஓராண்டுக்குள் விலைக்குறைப்புக் கோரலாம். குறை இருப்பது தமக்கே தெரியாது என்று விற்றவர் கூறினும் அவர் தப்பமுடியாது. மனிதரை மாட்டோடு ஒருங்கே விலைப்பொருளாக்கிய கொடுமையை இவ்விடத்தில் மறந்துவிட வேண்டியதில்லை. நல்ல விதியொன்று மிகக் கெட்ட சந்தையிலே பிறந்தது என்பதே உண்மை.

இவ்வினா தத்துவ விவாதமாகவும் வளர்ந்தது. கி.மு. 44இல் சிசரோ தம் மகனை விளித்து எழுதிய 'கடமைகள்' என்னும் நூலின் மூன்றாம் பகுதியிலே அவ்விவாதத்தைக் காணலாம். பஞ்சத்தால் வாடும் றோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகன் வருகின்றான். பின்னால் வேறு கப்பல்களும் வந்துகொண்டிருப்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அதனை அவன் சொல்லவேண்டுமா? இன்னொருவன் தன் வீட்டை விற்கின்றான். அது நோய் தருவது, அறைதோறும் பாம்பு ஊர்வது, இடிந்து விழக்கூடியது என்பது அவனன்றி வேறெவருக்கும் தெரியாது. அவன் சொல்லவேண்டுமா? பபிலோனைச் சேர்ந்த டயோஜினிஸ், சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னாற் போதும் என்கின்றார். மறைத்தல் வேறு, வாளாவிருத்தல் வேறு என்பது அவர் வாதம். அவருடைய மாணாக்கரான அன்ரிபாற்றரோ, தான் அறிந்த எதனையும் வாங்குபவன் அறியாதவாறு விற்பவன் அடக்கிவைத்தலாகாது என்கின்றார். சிசரோ மாணாக்கரின் பக்கமே சாய்கின்றார்.

நானும் அப்பக்கமே சாய்வேன். ஆயினும் நமது பிரச்சினை இவ்விருவர் விவாதத்துள் முற்றாக அடங்கவில்லை. விற்பவனுக்குக் குறை தெரியும் என்பதை இருவருமே எடுத்த எடுப்பில் ஒப்புக்கொண்டுவிட்டனர். இன்றைய விற்பனையில் அவ்வெடுகோள் தகர்ந்துவிடுகின்றது. பட்டினத்து முகவர் தாம் விற்கும் உழவு இயந்திரத்தின் உட்புறத்தை ஒருபோதும் கண்டவரல்லர். கப்பலில் வந்த பெட்டியை உடைத்துச் சக்கரம் பூட்டிக் கொடுப்பதோடு அவர் பணி முடிந்துவிடும். தூர தேசத்தில் அதனைச் செய்தளித்தவருக்கும் இந்தக் குறிப்பிட்ட இயந்திரத்தின் குறை தெரியாது. எனவே எவரும் மறைக்கவில்லை, எவரும் பொய் சொல்லவில்லை; ஆயினும் வாங்கியவர் வயலின் நடுவிலே நிற்கின்றார். குற்றவாளி இல்லாத தீங்கு என இதனைக் கூறிவிடலாமா?

கூடாது என்பதற்குப் பொறியியலாளரே சான்று தருகின்றனர். இயந்திரங்களின் நம்பகத்தை ஆராய்வோர், பழுது நிகழும் வீதத்தைக் காலத்தோடு பொருத்தி வரையும் கோட்டைக் 'குளியற்றொட்டி வளைகோடு' என்று அழைப்பர். தொட்டியின் இரு விளிம்புகளும் உயர்ந்திருப்பன போலத் தொடக்கத்திலும் முடிவிலும் பழுது மிகும். நடுவே நெடுங்காலம் தாழ்ந்திருக்கும். முடிவில் மிகுவது தேய்வினால். தொடக்கத்தில் மிகுவதோ வார்ப்பில் விழுந்த வெடிப்பு, சரியாக முறுக்கப்படாத ஆணி, பொருத்தும்போது உள்ளே விழுந்த துகள் என்பன போன்ற பிறவிக் குறைகளினால். ஆகவே புதியது என்பதும் நம்பத்தக்கது என்பதும் ஒன்றல்ல. ஓராண்டு ஓடித் தேறிய இயந்திரம் நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த இயந்திரத்திலும் நம்பத்தக்கதாயிருத்தல் கூடும். வாங்குபவர் 'புதியது' என்ற சொல்லுக்காகவே மிகுந்த விலை கொடுக்கின்றார் என்பதை எண்ணும்போது இதில் ஒருவகை நகைச்சுவையும் உண்டு.

இவ்வளைகோட்டை வாங்குபவர் அறியார், செய்பவர் அறிவார். ஆயிரம் இயந்திரங்களை அனுப்புகையில் அவற்றுட் சில வழுவுடையன என்பதும், ஏறத்தாழ எத்தனை என்பதும் அவர் கணக்கில் உண்டு. எது என்பது மட்டுமே அவர் அறியாதது. தனியொன்றைப் பற்றிய அறியாமை, தொகுதியைப் பற்றிய அறிவை இல்லாததாக்கிவிடாது. ஒவ்வோர் இயந்திரத்தையும் தொழிற்சாலையிலேயே நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்திருந்தால் அவற்றுட் பலவற்றை அவர் பிரித்தறிந்திருக்கலாம். அதற்குப் பணமும் காலமும் செல்லும். ஆதலால் அச்சோதனையின் எஞ்சிய பகுதியை வாங்குபவரின் வயலிலும் வீதியிலும் நடத்துவதென அவர் தீர்மானிக்கின்றார். இத்தீர்மானம் தன்னளவில் தீயதென நான் கூறவில்லை. பொருளின் விலை அதனாற் குறைகின்றது, அந்நன்மை வாங்குவோர் அனைவருக்கும் கிடைக்கின்றது. ஆனால் அனைவரும் பெற்ற நன்மைக்கான விலையை ஒருவர் மட்டும், அதுவும் தற்செயலாக அகப்பட்ட ஒருவர், தம் பருவத்தையும் கூலியையும் இழந்து செலுத்துகின்றார். உத்தரவாதப் பத்திரத்தைக் கம்பனி தரும் சலுகையாகக் காட்டுவது வழக்கம். உண்மையில் அது செய்பவர் தம் தொழிற்சாலையில் செய்யாது ஒத்திவைத்த சோதனைக்கான கடன் பத்திரமாகும். கடன் தீர்ப்பவரை நாம் வள்ளல் என்பதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-டச்சுச் சட்டமே இலங்கையின் பொதுச் சட்டம் என்பது யாவரும் அறிந்தது. மேலே கண்ட ஈடில்களின் விதிகள் அதன் மரபைச் சேர்ந்தவை. ஆயின் அசையும் பொருள்களின் விற்பனையைப் பொறுத்தவரை, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், 1893ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தை ஏறக்குறைய அப்படியே இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது. வாங்குபவனே விழிப்பாயிரு என்ற பழைய ஆங்கில மனப்பான்மையை அச்சட்டம் ஓரளவு தணித்ததென்பதை மறுத்தல் நேர்மையாகாது. வணிகர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரமுடையதாயிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. ஆனால் அதனுள்ளேயே ஒரு பொறியும் உண்டு. பொருளை ஏற்றுக்கொண்டவர் பின்னர் அதனைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இழப்பீடு மட்டுமே கேட்கலாம். நியாயமான காலம் கழியும்வரை மறுப்புத் தெரிவியாது வைத்திருந்தவர் ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார்.

நியாயமான காலம் எவ்வளவு? இங்கிலாந்தில் 1987ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவான வழக்கொன்று இதற்குத் தந்த விடை இன்றும் வியப்பூட்டுகின்றது. ஒருவர் 1984 டிசெம்பரில் ஏறத்தாழ 8,000 பவுண் கொடுத்துப் புதிய நிசான் லோரல் கார் ஒன்றை வாங்கினார். நோயுற்றிருந்தமையால் அதிகம் ஓட்டவில்லை. மூன்று வாரமளவில், ஏறக்குறைய 140 மைல் மட்டுமே ஓடியிருந்த நிலையில், பெருந்தெருவொன்றில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. தொழிற்சாலையில் இணைப்புகளை அடைக்கப் பூசும் பசையின் ஒரு துளி எண்ணெய் செல்லும் வழிக்குள் விழுந்து அதனை அடைத்திருந்தது. அவர் உடனடியாக மறுத்து எழுதினார். கம்பனி எஞ்சினைத் திருத்தி வைத்தது. அவர் அதனை ஏற்கவில்லை. கார் தகுந்த தரத்தில் விற்கப்படவில்லை என நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் மூன்று வாரம் கழிந்துவிட்டமையால் அதனைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விட்டது எனத் தீர்த்தார். நியாயமான காலம் என்பது பொருளைப் பொதுவாகப் பார்த்து ஓட்டி அறிவதற்கான காலமேயன்றி, உள்ளே கிடக்கும் குறை வெளிப்படுவதற்கான காலமன்று என்பது அவர் நியாயம். வாங்கியவருக்குக் கிடைத்த இழப்பீட்டில், முற்றாகக் கெட்டுப்போன ஒரு நாளுக்கென 150 பவுணும் அடங்கும்.

நீதிபதியின் கவலையை விளங்கிக்கொள்ள முடிகின்றது. விற்பனை என்றோ ஒருநாள் முடிந்தாக வேண்டும். விற்றவர் தம் கணக்கை மூடவேண்டும். எனினும் இத்தீர்ப்பின் உட்கருத்தை உற்றுநோக்குங்கள். எண்ணெய் வழியில் கிடக்கும் பசைத்துளியை வாங்கியவர் எவ்வாறு கண்டிருக்க முடியும்? காணமுடியாததைக் காணாதிருந்தமையை 'ஏற்றுக்கொண்டார்' என்ற சொல்லாற் குறிப்பது, மௌனத்தைச் சம்மதமாக்கும் பழைய சூழ்ச்சியின் வழிவந்ததே. ஏற்றல் என்பது ஒரு மனச்செயல். அறியாத ஒன்றை எவரும் ஏற்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. காலம் கழிவதனால் உரிமை தேயலாம் என ஒரு சட்டம் விதிக்குமாயின் அதனை அவ்வாறே கூறட்டும். அதற்கு வாங்கியவரின் சம்மதம் என்ற வேடம் எதற்கு?

இதனிலும் நுட்பமான அநீதி, கொண்டுபோய்க் காட்டும்போது மறைந்துவிடும் பழுதினால் நேர்வது. எனது மாமா ஒருவர் வன்னியில் வயல் செய்பவர். சில ஆண்டுகளுக்கு முன் நிதிக் கம்பனியொன்றின் உதவியோடு புதிய இருசக்கர உழவு இயந்திரம் ஒன்றைப் பெற்றார். முதல் மழைக்கு முன் புழுதி விதைப்பை முடிப்பது அவர் எண்ணம். இயந்திரம் அரைமணி நேரம் ஓடும். பின் திணறி நின்றுவிடும். நின்றதை எழுப்ப முடியாது. உழவு நிறுத்தி, இன்னொருவரின் வண்டியில் ஏற்றி, முகவர் நிலையத்துக்குக் கொண்டுபோவார். அங்கே திருத்துநர் முதலிற் செய்வது எரிபொருள் தாங்கியின் மூடியைத் திறந்து டீசல் இருக்கின்றதா எனப் பார்ப்பது. பின் இயந்திரத்தை எழுப்புவார். அது முதல் இழுவையிலேயே முழங்கும். வேலை அட்டையில் 'பழுது இல்லை' என எழுதப்படும். ஐந்து தடவை போனார். ஐந்து தடவையும் 'பழுது இல்லை'.

ஆறாம் தடவை போகவேண்டியிருக்கவில்லை. ஊரில் சைக்கிள் திருத்தும் முதியவர் ஒருவர், நின்றுபோன இயந்திரத்தின் தாங்கி மூடியைத் திறந்தபோது காற்று உள்ளிழுபடும் ஓசையைக் கேட்டார். மூடியிலே மயிரிழைத் துளையொன்று இருத்தல் வேண்டும். டீசல் இறங்க இறங்க அதன் இடத்துக்குக் காற்று புகுவது அதன் வழியேதான். அத்துளையைத் தொழிற்சாலை வர்ணம் அடைத்திருந்தது. தாங்கிக்குள் வெற்றிடம் வலுத்ததும் டீசல் கீழே இறங்க மறுத்தது. திருத்துநர் சோதிப்பதற்காக மூடியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் பழுது நீங்கிவிட்டது. பழுதைத் தேடும் செயலே பழுதை மறைத்தது. முதியவர் தையல் ஊசியொன்றால் துளையைக் குத்திவிட்டார். இயந்திரம் அன்று மாலை வரை நிற்கவில்லை. ஆனால் அதற்குள் மழை இறங்கிவிட்டது. புழுதி விதைப்புக்கான பருவம் போயிற்று.

இந்நிகழ்ச்சியில் நான் நெடிது நிற்கக் காரணம் உண்டு. உத்தரவாதத்தின்படி மாமாவுக்கு உரியது ஒரு மூடி. அவர் இழந்தது ஒரு பருவம். பழுதான பாகத்தை மாற்றித் தருவோம், வேறெதற்கும் பொறுப்பில்லை என்பது உத்தரவாதப் பத்திரங்களின் பொதுவான வாசகம். ஐக்கிய அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டு ஒருவர் தம் மனைவிக்குப் பரிசாக வாங்கிய பிளிமத் கார், பத்து நாளில், 468 மைல் ஓடிய அளவில், திசைமாற்றும் பகுதி முறிந்து சுவரில் மோதியது. 90 நாள் அல்லது 4,000 மைல்வரை பழுதான பாகத்தை மாற்றித் தருவதே தம் பொறுப்பு எனக் கம்பனி கூறிற்று. நியூ ஜேர்சி மாநில உயர் நீதிமன்றம் 1960இல் அவ்வாசகத்தைச் செல்லாததாக்கியது. நாட்டின் கார்க் கம்பனிகள் யாவும் அதே வாசகத்தையே அச்சிட்டு வைத்திருக்கையில், கையொப்பமிட்டவர் எதனைத் தெரிவுசெய்தார் என்பதே அதன் நியாயத்தின் சாரம். எங்கு போயினும் ஒரே கதவுதான் எனில் அக்கதவால் நுழைந்தவரை 'விரும்பி நுழைந்தார்' எனக் கூறவியலாது.

மாமாவின் நிலை அதனினும் இடர் மிக்கது. பதிவுப் புத்தகத்தில் உரிமை நிதிக் கம்பனியினது. தவணைப் பணம் மாதந்தோறும் உரியது. இயந்திரம் ஓடிற்றா, நின்றதா எனத் தவணை கேட்பதில்லை. இயந்திரத்தை விற்றவர் பணத்தை நிதிக் கம்பனியிடம் முழுமையாகப் பெற்றுவிட்டார். பழுது முழுவதும் வாங்கியவர் பக்கம், பணம் முழுவதும் மற்றவர் பக்கம் எனப் பிரிந்தபின் திருத்திக் கொடுக்க அவசரப்படுவோர் யார்? வாங்கியவர் கையில் பணத்தின் ஒரு பகுதியேனும் எஞ்சியிருந்தால் 'பழுது இல்லை' என்ற சொற்கள் அத்துணை எளிதில் அட்டையில் ஏறியிருக்குமா என்பது ஐயமே.

'பழுது இல்லை' என்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. அது பணத்தைப் பற்றியதன்று. முப்பது ஆண்டு வயல் செய்த ஒருவர் 'இயந்திரம் நிற்கின்றது' எனச் சொல்கின்றார். அவருடைய வாய்மொழி சான்றாகக் கொள்ளப்படுவதில்லை. முற்றத்தில் ஐந்து நிமிடம் ஓடிய இயந்திரத்தின் முழக்கமே சான்றாகின்றது. மூன்றாம் தடவைக்குப் பின் அங்கிருந்தோர் அவருக்கு ஓட்டத் தெரியாது என்று தமக்குள் பேசிக்கொண்டதை அவர் கேட்டார். பருவம் போனதை ஆறியவர் அதனை இன்னும் ஆறவில்லை. இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், முதல் ஆறு மாதத்தில் வெளிப்படும் குறையைக் கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளவேண்டும், இல்லையென மெய்ப்பிப்பது விற்றவரின் பொறுப்பு என விதித்துள்ளது. வசதிக்கான விதியாக அது தோன்றலாம். எனக்கோ, வாங்கியவரின் சொல்லுக்கு அளிக்கப்பட்ட மரியாதையாகவும் அது தோன்றுகின்றது.

இவ்விடத்தில் எழக்கூடிய வலுவான ஆட்சேபம் ஒன்றை ஒதுக்கிவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட ஒன்றில் சிறு பழுதுக்கெல்லாம் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் எனின் வாணிகம் நடவாது, விலை உயரும், உயர்ந்த விலையை ஏழை உழவரே கொடுப்பர். மேலும், திருத்தக்கூடியதைத் திருத்த இடங்கொடாது மறுப்பதும் ஒருவகை முரட்டுத்தனம் அன்றோ? ஆம், உண்மையே. திருத்துவதற்கு ஒரு வாய்ப்பு அளிப்பது நியாயம். ஆனால் ஒன்று. அது வாங்கியவர் அளிக்கும் வாய்ப்பு. விற்றவருக்கு உரித்தான முடிவிலாத் தவணையன்று. கொனெற்றிகற் மாநிலம் 1982இல் இயற்றிய சட்டம், அதே பழுது நான்கு தடவை திருத்தியும் நீங்காவிடின், அல்லது புதிய கார் மொத்தம் 30 நாள் பயன்படாது கிடந்தால், கம்பனி மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ வேண்டும் என எண்ணிட்டுச் சொன்னது. இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டின் திருத்தம், திருத்தித் தரும்படி கேட்டதனால் மட்டும் ஒருவர் பொருளை ஏற்றுக்கொண்டவராக மாட்டார் என வெளிப்படையாகக் கூறிற்று. 2015ஆம் ஆண்டுச் சட்டம் 30 நாளுக்குள் நேரே மறுக்கலாம், அதன் பின்னர் ஒரு திருத்தம் தோற்றால் மறுக்கலாம் என்றது. பொறுத்தல் ஏற்றலன்று என்பது ஏறக்குறைய நூறாண்டு கழித்துச் சட்டத்தில் ஏறியது. அதன் மூலப் பிரதியை 1896இல் பெற்றுக்கொண்ட நாமோ அத்திருத்தங்களைப் பெற்றுக்கொள்ளவில்லை.

திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்திலும் ஒரு வழு உண்டு. 1987இன் சட்ட அறிக்கைகளிலேயே பதிவான இன்னொரு வழக்கில், புதிய றேஞ்ச் றோவர் ஒன்று ஆறு மாதமும் 5,500 மைலும் கடந்தபின்னும் எஞ்சினிலும் பற்சக்கரப் பெட்டியிலும் ஓயாத குறைகளோடிருந்தது. ஓடத்தானே செய்கின்றது என்ற வாதத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வாகனத்தின் பயன் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வது மட்டுமன்று. வசதியும் நம்பிக்கையும் அதனை உடைமையாகக் கொண்டதில் வரும் பெருமிதமும் கூட வாங்கப்பட்டவையே என்றது. ஆடம்பரக் காரைப் பற்றிய பேச்சாயினும் இதனுள் உழவருக்குரிய உண்மை ஒன்று இருக்கின்றது. உழவு இயந்திரம் வாங்குபவர் இரும்பை வாங்குவதில்லை. ஐப்பசியில் விடியற்காலை எழுந்து, இன்று அந்த மூலையை உழுது முடிக்கலாம் என்று திட்டமிடும் வல்லமையை வாங்குகின்றார். மூன்று தடவை நடுவயலில் நின்ற இயந்திரம் திருத்தப்பட்ட பின்னும் அவ்வல்லமையைத் தராது. அவர் கூலியாளுக்குச் சொல்லியனுப்பத் தயங்குவார். அயலவரின் இயந்திரத்தையும் பேசி வைத்திருப்பார். கடலுக்குப் போகும் படகின் வெளியிணைப்பு இயந்திரமாயின் இத்தயக்கம் உயிரச்சமாகவே மாறும்.

நுகர்வோரைக் காக்கும் பல சட்டங்கள் இத்தகையோரைத் தம் வாயிலில் நிறுத்திவிடுவதும் உண்டு. தொழிலுக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்பது அவற்றின் வரைவிலக்கணம். இந்தியாவின் 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1993இல் செய்யப்பட்ட திருத்தம், தாமே உழைத்துப் பிழைப்பதற்காக வாங்குபவரை உள்ளே சேர்த்துக்கொண்டமை மெச்சத்தக்கது. இழப்பு அதிகம் தாக்குவது வாகனத்தை உலாவுக்கு வைத்திருப்பவரை அன்று.

இதுகாறும் வாங்கியவர் பக்கம் நின்று பேசினோம். அவருக்கும் ஒரு கடமை உண்டு. அதுவே எல்லாவற்றிலும் கடினமானது. நான்காம் தடவை திரும்பி வந்தபின் மாமா இயந்திரத்தை விற்றுவிடத் தீர்மானித்தார். தூரத்து ஊரவர் ஒருவர் வாங்க முன்வந்தார். வர்ணம் மங்காத இயந்திரம், விலையும் நன்று. எப்படியும் முற்றத்தில் எழுப்பிக் காட்டினால் முழங்கும்! மாமி மட்டும் கேட்டார்: "அவனும் வயல் செய்யிறவன்தானே, அவனுக்கு என்னண்டு சொல்லிக் குடுப்பியள்?" விற்பனை அத்தோடு நின்றது. அன்ரிபாற்றரின் வாதத்தை இதனிலும் சுருக்கமாக எவரும் கூறியதாக நான் அறியேன்.

பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கலொவ் 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதே இடத்தைத்தான் ஆராய்கின்றது. அமெரிக்க வழக்கிலே குறையுள்ள காரை 'எலுமிச்சை' என்பர். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குவோர் யாவற்றையும் எலுமிச்சை என அஞ்சிக் குறைந்த விலையே கொடுப்பர்; அவ்விலைக்கு நல்ல காரை உடையவர் விற்க மறுப்பர்; சந்தையில் எலுமிச்சையே எஞ்சும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இவ்வாய்வு மௌனத்தின் விளைவைக் காட்டுகின்றது. மௌனம் சாதித்தவரை அது குறைகூறுவதில்லை. அது பொருளியலின் பணியன்று என்பர். ஆனால் ஏமாற்றப்பட்டவர் தம் இழப்பை இன்னொருவர் தலையில் இறக்கி வைக்கும்போது, தமக்கு நேர்ந்ததையே தாமும் செய்கின்றார். அதுவும் தொழிற்சாலையைவிடத் தெளிவான அறிவோடு. அவர் அறிந்தது தொகுதியை அன்று, இந்த ஒன்றை. தொழிற்சாலைக்குரிய அறியாமைச் சாட்டு அவருக்கு இல்லை. இழப்பு அவருடையதாயிருத்தல் நியாயமன்று என்பது உண்மை. அதற்காக அயலவருடையதாதல் நியாயமாகிவிடாது. அது மேல்நோக்கி, வந்த வழியே, திரும்பிப் போகவேண்டியது.

திரும்பிப் போகும் வழியில் முதலில் நிற்பவர் உள்ளூர் முகவர். அவரைப் பற்றிக் கடுமையாகப் பேசுவது எளிது. அவரும் மூடிய பெட்டியை வாங்கியவரே என்பதை முன்னரே கண்டோம். இறக்குமதி செய்தவரிடம் அவருடைய சொல்லும் பெரும்பாலும் எடுபடுவதில்லை. அவரிடம் இயந்திரத்தின் ஒவ்வொரு குறைக்கும் விடை கேட்பது மிகை. கேட்கத்தக்கது, செய்தியை மேலே கொண்டுசெல்லும் வாய்மை. 'பழுது இல்லை' என்பதும் 'பழுதைக் காணமுடியவில்லை' என்பதும் ஒரே பொருளுடையன அல்ல. முன்னையது இயந்திரத்தைப் பற்றிய தீர்ப்பு. அதன் மறுபாதி வாங்கியவரைப் பற்றிய தீர்ப்பு. பின்னையது சோதித்தவரின் எல்லையைச் சொல்கின்றது. வாங்கியவரின் சொல்லை அழிக்காமல் விடுகின்றது. அவ்வாறு ஐந்து தடவை எழுதப்பட்டிருந்தால் ஐந்து தடவை தோற்ற திருத்தத்துக்கு அவ்வட்டையே சான்றாகியிருக்கும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவதாயினும், நீதிமன்றம் செல்வதாயினும் கையில் ஒரு கடதாசி இருந்திருக்கும். அதே வர்ணம் பூசிய மூடியோடு வேறோர் ஊரில் நின்றுகொண்டிருக்கும் இயந்திரத்துக்கும் அச்செய்தி எட்டியிருக்கக்கூடும்.

அட்டையில் எழுதிய இளைஞர் நேர்மையற்றவர் என நான் எண்ணவில்லை. மாமா அவ்வட்டைகளை இன்னும் வைத்திருக்கின்றார், நானும் பார்த்தேன். அச்சிடப்பட்ட கட்டங்கள் மூன்று: 'திருத்தப்பட்டது', 'பாகம் மாற்றப்பட்டது', 'பழுது இல்லை'. நான்காவது கட்டம் அதில் இல்லை.